குறைவானாலும் நிலையானது

ரமலான் முடிந்து ஷவ்வால் பிறை கண்டதும் ஆண்டுதோறும் நம் பள்ளிவாசல்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். முப்பது நாளும் ஸுபுஹுத் தொழுகைக்கு வெளிப்பள்ளி வரை நிறைந்து நின்ற ஸஃப்புகள், பெருநாள் கழிந்த பத்தாம் நாள் இரண்டாகச் சுருங்கி விடுகின்றன. வராமற் போனவர்களைக் குறை கூறுவது எளிது. மிம்பரில் நின்று நாமும் பலமுறை குறை கூறியிருக்கிறோம். ஆனால், அப்படி வராமற் போனவருடைய உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று நாம் என்றைக்காவது கேட்டதுண்டா? கேட்கும்படியான ஒரு நாள் நமக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஷவ்வால் நடுவில், மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். தம் வாப்பாவின் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஹஜ்ரத், ரமலானில் ஒரு நாள்கூட தஹஜ்ஜுத்தை விடவில்லை. தினம் ஒரு ஜுஸ்வு ஓதினேன். இனி மவுத்து வரைக்கும் இப்படியே இருப்பதென்று பெருநாள் இரவில் நிய்யத்து வைத்தேன். ஐந்து நாள் நடந்தது. ஆறாம் நாள் தூங்கி விட்டேன். அன்றோடு மனம் விட்டுப் போயிற்று. தஹஜ்ஜுதே போன பிறகு ஓதி என்ன ஆகப்போகிறது என்று அதையும் விட்டேன். இப்போது ஸுபுஹும் களாவாகிறது. பள்ளிக்குள் வரவே வெட்கமாயிருக்கிறது. இரவில் தூக்கமும் இல்லை. நான் முனாபிக்காகி விட்டேனா ஹஜ்ரத்?"

நாம் செய்த பிழையை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். அவருக்கு ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்துப் பன்னிரண்டு காரியங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தோம். காலையில் ஓத வேண்டியவை, மாலையில் ஓத வேண்டியவை, வாரத்தில் நோற்க வேண்டிய நோன்புகள், நூற்றுக்கணக்கில் ஸலவாத்து, இஸ்திக்பார், விட்டுப்போன தஹஜ்ஜுதை மீண்டும் தொடங்க வேண்டிய நாள் என்று அந்தத் தாள் நிறைந்துவிட்டது. எல்லாம் நல்ல அமல்களே. ஒன்றுகூடத் தவறானதல்ல. வாலிபர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பின் மூன்று வாரங்கள் அவரைப் பள்ளிப் பக்கமே காணோம்.

கிணற்றில் விழுந்தவர் ஒரு கயிறு கேட்டார். நாமோ அவர் தலையில் ஒரு மூட்டையை இறக்கினோம்!

அவிழ்க்கப்பட்ட கயிறு

மனம் உறுத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில், மத்ரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருவதுதான். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் நுழைகிறார்கள். இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. இது என்னவென்று வினவுகிறார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் கட்டியது, நின்று தொழுது சோர்வடையும்போது இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பதில் கிடைக்கிறது. உடனே அதை அவிழ்த்துவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிடுகிறார்கள். உற்சாகமுள்ள வரையில் தொழுங்கள், களைத்துப் போனால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்பதே அவர்கள் தந்த அறிவுரையின் கருத்து.

வாசக அன்பர்களே, சிந்தித்துப் பாருங்கள். அந்தக் கயிறு சோம்பலுக்காகக் கட்டப்பட்டதா? இல்லை. வணக்கத்தின்மேல் கொண்ட பேராவலால் கட்டப்பட்டது. ஆயினும் அது அவிழ்க்கப்பட்டது. ஏன்? நம் சக்திக்கு மேற்பட்டதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்தால், கயிறு அறுகிற நாளில் அமலும் அறுந்து போகும். அல்லாஹ்வுக்கு மிக உவப்பான அமல், கொஞ்சமானாலும் நிரந்தரமாகச் செய்யப்படுவதே என்னும் கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து அறிவித்திருக்கிறார்கள்.

இளமையில் நாள்தோறும் நோன்பும், இரவுதோறும் முழுக் குர்ஆனுமாக இருந்தவர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்ல, என்னால் அதற்கு மேலும் முடியும் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முடிவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோற்கும் தாவூது நபி (அலை) அவர்களின் நோன்பு வரை அனுமதி கிடைத்தது. முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்றே அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டிருக்கலாமே என்று அவர்கள் வருந்தினார்கள். அத்தகைய ஸஹாபியே வருந்தியிருக்கும்போது நம்மைப் பற்றி என்ன சொல்வது!

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குறைவானாலும் போதும் என்பது நபிலான அமல்களைப் பற்றியது. பர்ளான தொழுகையைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. அது அளந்து தரப்பட்டுவிட்ட கடமை.

இன்னும் சொல்லப்போனால், நம் பழக்கங்களை எல்லாம் கட்டிவைக்க அல்லாஹு தஆலா தந்திருக்கும் ஐந்து முளைகளே அந்த ஐவேளைத் தொழுகை. பேரமல் என்பது பெரும்பாலும் உற்சாகத்தை நம்பி நிற்பது. உற்சாகமோ கடலைப்போல் ஏறும், வற்றும். சிறிய அமல் நேரத்தையும் இடத்தையும் நம்பி நிற்கக் கூடியது. "நேரம் கிடைக்கும்போது ஓதுவேன்" என்பவருக்கு நேரம் கிடைப்பதேயில்லை. "ஸுபுஹு தொழுத முஸல்லாவை மடிக்கும் முன் பத்து ஆயத்து" என்பவருக்கு முஸல்லாவே நினைவூட்டிவிடும். இதைப் படிக்கும் தாய்மார்களில் பலருக்கு அடுப்படியும் கைக்குழந்தையும் இருக்கின்றன. அவர்களுக்கும் இதுவே வழி. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தோடு ஒரு சிறு அமலைக் கட்டிவிட வேண்டும். தனியாக விட்டால் அது ஓடிப் போகும்.

நாள்வழிக் கணக்கு

மூன்று வாரத்திற்குப் பின் நாமே அந்த வாலிபரைத் தேடிக் கடைக்குப் போனோம். கல்லாவுக்கருகில் பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "தம்பி, கணக்கை ஏன் தினமும் எழுதுகிறீர்கள்? வாரக் கடைசியில் மொத்தமாக எழுதினால் ஆகாதா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "ஐம்பது ரூபாய் இடித்தால் அன்றைக்கே பார்த்தால் எங்கே போயிற்றென்று தெரியும் ஹஜ்ரத். ஒரு வாரம் விட்டால் யாரைக் கேட்பது?" என்றார். "ஒரு நாள் வியாபாரம் நட்டமானால் பேரேட்டைக் கிழித்து எறிந்துவிடுவீர்களா?" என்று கேட்டோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. நாம் எதைச் சொல்ல வந்தோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

நாளைக்காக ஒவ்வொருவரும் எதை முற்படுத்தி வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளும்படி திருமறை 59-ஆம் அத்தியாயம் 18-ஆம் வசனத்தில் அல்லாஹ் ஏவுகிறான். நம்மிடம் கணக்குக் கேட்கப்படும் முன் நாமே நம்மைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இதைத்தான் பெரியோர்கள் முஹாஸபா என்றார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், நாற்பது பாகங்கள் கொண்ட இஹ்யாவு உலூமித்தீனில் 38-ஆம் பாகத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நப்ஸை ஒரு கூட்டு வியாபாரியாக அவர்கள் உருவகம் செய்கிறார்கள். முதலை அவன் கையில் ஒப்படைக்கிறோம், காலையில் நிபந்தனை பேசுகிறோம், பகலில் கண்காணிக்கிறோம், மாலையில் கணக்குக் கேட்கிறோம். முதல் என்பது வேறொன்றுமல்ல, நம் ஆயுள்தான்.

இதை வீட்டில் எப்படி நடத்துவது?

காலையில் எழுந்ததும் அல்லாஹ்வை நினைப்பது, உளூச் செய்வது, தொழுவது ஆகிய மூன்றும் மூன்று முடிச்சுகளை அவிழ்க்கின்றன என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் போடும் முடிச்சுகள் அவை. அவிழ்ந்தால் அவர் உற்சாகத்தோடும் நல்ல மனத்தோடும் காலைப்பொழுதை அடைகிறார். அவிழாவிட்டால் கெட்ட மனத்தோடும் சோம்பலோடும் அடைகிறார். அன்றைய மனநிலைக்கும் அன்றைய முதல் அரைமணி நேரத்திற்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அந்த அரைமணியில் அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனை பேசிக்கொண்டால் போதும். இன்று பிள்ளைகளிடம் குரலை உயர்த்தமாட்டேன், இன்று எவரைப் பற்றியும் புறம் பேசமாட்டேன் என்பதைப்போல ஒன்று.

இரவில் கணக்கு. ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இன்று கைபேசி எடுத்துக்கொள்கிறது. அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இன்று எந்த நன்மைக்கு அல்லாஹ் வழிவிட்டான்? எங்கே சறுக்கினேன்? யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறேன்? முதல் கேள்விக்கு ஷுக்ரு. இரண்டாவதற்கு இஸ்திக்பார். மூன்றாவதற்கு, மறுநாள் காலையில் அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்பது. கேட்டபின் கணக்கை மூடிவிட வேண்டும். இரவு முழுதும் பேரேட்டைத் திறந்தே வைத்திருக்கும் வியாபாரி மறுநாள் கடை திறக்க முடியுமா?

மூடும் முறையையும் நாயகம் (ஸல்) அவர்கள் தந்திருக்கிறார்கள். திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன அருமை மகள் பாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாளைக் கேட்டபோது, அதைவிடச் சிறந்தது என்று படுக்கையில் ஓத ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 எனக் கற்றுக் கொடுத்தார்கள். அன்று முதல் இதை விட்டதேயில்லை என்றார்கள் அலி (ரலி) அவர்கள். ஸிப்பீன் இரவிலுமா என்று கேட்கப்பட்டபோது, ஸிப்பீன் இரவிலும் விடவில்லை என்றார்கள். ஹிஜ்ரி 37-இல் நடந்த அந்தப் போரைப் போன்ற இரவையும் தாங்கி நின்ற அமல் எத்தனை சிறியது பாருங்கள்! சிறியதாயிருந்ததனால் அன்றோ போர்க்களத்திலும் அதைத் தூக்கிச் செல்ல முடிந்தது.

விட்டுப்போன நாள்

இனி அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். விட்டுப்போன நாளை என்ன செய்வது?

இரவில் வழமையாக ஓதும் பகுதியை ஒருவர் உறங்கித் தவறவிட்டால், ஸுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்ற நற்செய்தியை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் அவர் சுகமாக ஊரில் இருந்தபோது வழமையாகச் செய்துவந்த அமலின் கூலி எழுதப்படுவதாகப் புகாரியில் வருகிறது. தவறுவது மனித இயல்பென்று அறிந்தே, திரும்பி வருவதற்கான வழியையும் மார்க்கம் திறந்து வைத்திருக்கிறது.

முனாபிக்காகி விட்டேனா என்ற கேள்வியும் புதிதல்ல. ஹன்ழலா (ரலி) என்ற ஸஹாபி இதே கேள்வியோடு அழுதுகொண்டு போனார்கள். நாயகத்தின் சபையில் சுவர்க்கமும் நரகமும் கண்முன் தெரிகின்றன, வீட்டிற்கு வந்து மனைவி மக்களோடு கலந்ததும் மறந்து விடுகிறோமே என்பது அவர்களின் கவலை. அபூபக்கர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படியே என்றார்கள். என்றென்றும் ஒரே நிலையில் இருந்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகுலுக்குவார்கள், ஆனால் அந்த நேரம் அதற்கும், இந்த நேரம் இதற்குமாக மாறி மாறித்தான் வரும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள்.

அப்படியானால் தன்னைத்தானே கடிந்துகொள்வது தவறா? இல்லை. பழித்துக்கொள்ளும் நப்ஸின் மீது 75-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹ் சத்தியம் செய்கிறான். அவ்வளவு மதிப்பு அதற்குண்டு. அதே இறைவன் 39:53-இல், தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்ட அடியார்கள்கூடத் தன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்கலாகாது என்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் கடினம். நாம் கண்டறிந்த ஓர் அடையாளத்தைச் சொல்கிறோம். எந்தக் கடிதல் நம்மை முஸல்லாவை நோக்கித் திருப்புகிறதோ அது நன்மையானது. எந்தக் கடிதல் முஸல்லாவை விட்டு விரட்டுகிறதோ, "நீ இனி எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவாய்" என்கிறதோ, அது பக்தியின் உடையில் வந்த ஷைத்தானின் வஸ்வாஸ். ஆறாம் நாள் உறங்கியது அந்த வாலிபரின் பெரிய நட்டமல்ல. ஏழாம் நாள் வெட்கப்பட்டு விலகியதே பெரிய நட்டம்.

கஸ்ஸாலி இமாம் அவர்கள் தவறிய நப்ஸைத் தண்டிக்கும் ஒரு படியையும் கூறியிருப்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவரும், உளூச் செய்தோமா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கழுவும் வஸ்வாஸ் உள்ளவரும் அதைத் தாமாகவே கையிலெடுக்கலாகாது. அவர்களுக்கு இப்போது தேவை கண்டிப்பல்ல, எளிமை.

நிம்மதி கூலியா, கனியா?

திக்ரினால் கல்புகள் அமைதி பெறுகின்றன என்று திருமறை 13:28 கூறுகிறது. இதில் எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் இதைச் சிலர் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் ஓதினேன், நிம்மதி வரவில்லையே என்று நிறுத்திவிடுகிறார்கள். நாம் வணங்குவது அவன் நம் ரப்பு என்பதற்காக. நிம்மதி அந்த மரத்தில் காய்க்கும் கனி. தினக்கூலியாக மாலைதோறும் அதைக் கேட்டு நிற்பவர் மரத்தையே வெட்டிவிடுவார். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல் ஆகியவற்றிலிருந்து ஒரே துஆவில் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அடிக்கடி கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று. துக்கம் என்பது ஈமானின் குறைவல்ல. மகனை இழந்த யஃகூபு நபி (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின என்று குர்ஆனே (12:84) கூறுகிறது. ஹிஜ்ரி 488-இல், அதாவது 1095-இல், பக்தாதின் நிஜாமிய்யாவில் பாடம் நடத்தி வந்த கஸ்ஸாலி இமாம் அவர்களுக்கு உள்ளப் போராட்டத்தால் நாவே கட்டுண்டது, உணவு இறங்கவில்லை, வைத்தியர்கள் கைவிட்டார்கள். இதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 322-இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள், உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு தனி நூல் யாத்தார்கள். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றிற்கு அதில் சிகிச்சை பேசினார்கள். உடல் நலத்தோடிருக்கும்போதே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், உள்ளம் நலமாயிருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்கும்படி கூறினார்கள். தினசரிப் பழக்கம் என்பது இந்தச் சேமிப்பேயாகும்.

சேமிப்பு இருந்தும் நோய் வரலாம். வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது உடலுக்கு மட்டுமென்று யார் சொன்னது? அந்த வாலிபருக்கு உறக்கமின்மை நீங்கவில்லை, சாப்பாடும் குறைந்தது. மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றபோது அவருடைய வாப்பா, "ஊரார் என்ன சொல்வார்கள் ஹஜ்ரத்? ஓதிப் பார்த்தால் போதாதா?" என்றார். "ஓதியும் பார்ப்போம், மருந்தும் கொடுப்போம். சர்க்கரை நோய்க்கு நீங்கள் இரண்டையும் செய்கிறீர்களே" என்றோம். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு அவரே மகனை அழைத்துப் போனார். சில மாதங்கள் மருந்து நடந்தது.

நாம் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு காரியத் தாளை அந்த வாலிபர் பத்திரமாக வைத்திருந்தார். அதை வாங்கிக் கிழித்தோம். அதற்குப் பதிலாக மூன்றே காரியங்களை வாயால் சொன்னோம். ஐவேளை பர்ளு. ஸுபுஹுக்குப் பின் பத்து ஆயத்து. படுக்கையில் பாத்திமா நாயகியின் தஸ்பீஹும் அன்றைய கணக்கும். அடுத்த ஆண்டு ஷவ்வால் பத்தாம் நாள், சுருங்கிப்போன ஸஃப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். இன்றும் சில நாட்கள் ஸுபுஹுக்குப் பின் ஓத முடியாமல் போகிறதாம். கடையில் கூட்டம் சேருமுன், லுஹருக்குள் ஓதிவிடுகிறாராம். பேரேடு கிழிபடவில்லை.

இதைப் படித்து முடித்ததும் பத்துக் காரியங்களுக்கு நிய்யத்து வைக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்றே ஒன்றை, இன்றிரவே எடுங்கள். வீட்டில் எவரேனும் எடுத்ததைத் தவறவிட்டால் கேலி பேசாதீர்கள். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், வா" என்று முஸல்லாவில் அவருக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

வல்ல நாயன் நம் சிறு அமல்களைக் கபூல் செய்து, அவற்றில் நிலைத்திருக்கும் தௌபீக்கையும், தவறிய நாளில் திரும்பி வரும் மனத்தையும் நம்மனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.